வீட்டு வாசலில் கிராங்க் போல்ட்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சம்பளத்தையும் போனஸையும் விட்டுவிட்டு இஞ்சின் போல்ட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பழைய ஹோண்டா சிவிக் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பட்டறைக் கூலிக்கு வழியின்றி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே டைமிங் பெல்ட் மாற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. வேலையிடத்தில் நம்மைக் காக்க 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

ஹோண்டா என்ற பெயரை மலாயாவுக்குக் கொண்டுவந்ததே இந்தப் பினாங்குதான். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, இங்கே பஸ் கழுவி, மெக்கானிக் வேலை பழகிய லோ பூன் சியூ, 1958-இல் ஹோண்டா மோட்டார் சைக்கிளின் விற்பனை உரிமையைப் பெற்றார். முதலாளிமாரைப் பற்றி நமக்கு எத்தனையோ கருத்துகள் இருக்கலாம். அவர் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் என்பதை மட்டும் மறுக்க முடியாது!

விஷயத்துக்கு வருவோம். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் சாஃப்ட். அதன் முனையில் புல்லி. புல்லியையும் அதன் பின்னாலுள்ள டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு போல்ட். அது தளர்ந்தால் புல்லி ஆடும். ஆடி ஆடி, சாவி என்னும் சிறு இரும்புத்துண்டு உட்காரும் பள்ளத்தை அறுத்துவிடும். பள்ளம் போனால் கிராங்க் சாஃப்டே போயிற்று. பல்சக்கரம் நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில், குடும்பத்தோடு போகும்போது இது நடந்தால் என்னவாகும்?

எவ்வளவு முறுக்க வேண்டும்? 1990-களின் சிவிக் சிறிய இஞ்சின்களில் பலவற்றுக்குச் சுமார் 180 நியூட்டன் மீட்டர். அதே காரின் சக்கர நட்டுக்கு 108 போதும். 180 என்றால், போல்ட்டில் மாட்டிய கம்பியில் ஓரடி தள்ளி 60 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். மணிக்கட்டுப் பலத்தால் ஆகிற காரியமல்ல. ஆனால் இந்தக் கணக்கு எல்லா இஞ்சினுக்கும் பொருந்தாது. புதிய இஞ்சின்கள் சிலவற்றில் முதலில் இலேசாக முறுக்கி, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று அளவு சொல்லியிருக்கும். நம் இஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். மரையில் எண்ணெய் தொடவேண்டுமா, துடைத்துவிட வேண்டுமா என்பதும் அதில் இருக்கும். எண்ணெய் பட்டால் உராய்வு மாறும், அளவும் மாறிப்போகும்.

இவ்வளவு பலத்தோடு இழுக்கும்போது கார் அசையும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைகிறவரைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்குகிறது. ஜேக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. சமமான சிமெண்டுத் தரை வேண்டும். செம்மண் தரையானால் கனத்த பலகை போட வேண்டும்; மழை பெய்த தரையில் அதுவும் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அந்தப் பழைய சிவிக்கில் இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் புல்லி தெரியும். போல்ட்டைத் திருப்பினால் கிராங்க் சாஃப்டும் கூடவே திரும்பும். அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் ஆபத்தான குறுக்கு வழிகள் எல்லாம் வருகின்றன. கம்பியைத் தரையில் ஊன்றி ஸ்டார்ட்டரைத் தட்டுகிறார்கள் சிலர். வலப்பக்கமாகச் சுழலும் இஞ்சின்களில் அப்படிச் செய்தால் போல்ட் கழலும். பழைய ஹோண்டாவோ இடப்பக்கமாகச் சுழல்வது. அதில் போல்ட் இறுகும், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கம்பி நழுவினால் முழங்காலைப் பதம் பார்க்கும். ஃபிளைவீல் பல்லில் ஸ்குரூடிரைவரைச் செருகினால் பல் உடையும். ஆட்டோ கியர் காரில் கியரைப் போட்டு இஞ்சினை நிறுத்தவும் முடியாது.

சரியான வழி புல்லி தாங்கி. அந்த ஹோண்டா புல்லியின் நடுவே அறுகோணப் பள்ளம் உண்டு. அதற்கென்றே 50 மில்லிமீட்டர் தாங்கி விற்கிறது. அதன் கம்பியைக் காரின் பின்பக்கம் நோக்கித் தரையில் ஊன்றினால், முறுக்கும்போது அது தரையை அழுத்தி நிற்கும். கம்பிக்கும் தரைக்கும் நடுவே கை போகக்கூடாது. நீட்டுக் கம்பி போட்டால் அதன் முனைக்கும் ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும். பிறகு டார்க் ஸ்பேனரால், வெட்டி இழுக்காமல், சீராக இழுக்க வேண்டும். ‘டிக்’ என்றதும் நிறுத்திவிட வேண்டும். பட்டறைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கினால் அளவு தெரியாது.

இந்த இரண்டு கருவியையும் ஆளுக்கு ஆள் வாங்க முடியுமா? நம் கிளையே ஒரு செட் வாங்கி, பெயர் எழுதி இரவல் கொடுக்கலாம் என்பது நமது யோசனை. கணக்கெழுதும் வேலையைக் கிராணிமார் ஏற்றுக்கொள்வோம். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்குமே என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது! தாங்கியை அங்கே வாங்கலாம். டார்க் ஸ்பேனரை மட்டும் சோதிக்காமல் நம்பக்கூடாது.

முறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து புல்லி வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இஞ்சினை நிறுத்தி, விளக்கடித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் காரை எடுக்காதீர்கள்.