போனஸ் என்று ஒரு தூண்டில்



மில்லில் பெல்ட்டுக்குத் தடுப்பு இல்லாமல் ஒருவர் கை போனால், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். நமக்குப் பழகிய கதை. அதே கதை இன்று கம்ப்யூட்டர் மேஜைக்கும் வந்திருக்கிறது.

2021-ல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறோம். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் டிரெயின்ஸ் என்று ஒரு ரயில் கம்பெனி. கொரோனாக் காலத்திலும் அதன் தொழிலாளிகள் ரயிலை ஓட்டினார்கள். அவர்களில் சுமார் 2,500 பேருக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் பட்ட பாட்டுக்கு நன்றி, போனஸ் தருகிறோம், இந்த இணைப்பைத் திறந்து பாருங்கள் என்றது கடிதம். ஆசையோடு திறந்தவர்களுக்கு அடுத்த கடிதம் வந்தது. போனஸும் இல்லை, ஒன்றும் இல்லை, இது பரீட்சையாம்!

கேட்டதற்குக் கம்பெனி என்ன சமாதானம் சொல்லிற்று? திருடர்கள் இப்படித்தான் தூண்டில் போடுவார்கள், அதனால் நாங்களும் போட்டோம் என்றது. திருடன் அப்படிச் செய்வான் என்பது நிஜம்தான். போனஸ், சம்பள பாக்கி, வேலைநீக்கம் என்ற சொற்களைக் கண்டால் உழைப்பவன் கை தானாகப் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நாளைக் காலையில் திருடன் நம் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. நிர்வாகம் விழித்தாக வேண்டும். டிஎஸ்எஸ்ஏ தொழிற்சங்கம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டிக்காமல் என்ன செய்யும்? இப்படி அவமானப்பட்டவர் நாளை நிஜமான திருட்டுக் கடிதத்தைத் தெரியாமல் திறந்துவிட்டால் ஓடிவந்து சொல்வாரா? வாயை மூடிக்கொண்டிருப்பார். திருடனுக்கு வேண்டியதும் அதுதானே!

சரி, ஆபத்தெல்லாம் தொழிலாளியின் விரல்நுனியில்தான் இருக்கிறதா? 2017 மே 12 அன்று பிரிட்டனின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் எழுத்து! 19,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் சந்திப்பு ரத்தாகியிருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். வானாக்ரை என்ற அந்தப் புழு எந்தக் குமாஸ்தாவின் தயவுக்கும் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தானே ஊர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வழி கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்டது நிர்வாகங்கள். (அந்த ஓட்டையை முன்பே கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் ஆயுதமாக வைத்திருந்தது அமெரிக்க உளவு இலாகா. அவர்களிடமிருந்தே அது களவு போயிற்று!)

இதற்காக நாம் அசட்டையாக இருக்கலாமென்று சொல்லவில்லை. இன்று நம் சம்பளமும் செல்போன் வழியாக வருகிறது. பணம் தருவதாகச் செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள்; ஆபீசுக்கு நேரே போய்க் கேளுங்கள். தொட்டுவிட்டால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றலாம், பாங்கில் சொல்லிக் கணக்கை நிறுத்தலாம். அப்படி வந்து சொன்னவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது, பயிற்சி வேலை நேரத்தில் சம்பளத்தோடு நடக்க வேண்டும் என்ற இரண்டையும் சங்கம் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும்.