பந்தும் பந்துக்களும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



குழந்தைகளின் கல்வியைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அடியேன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. அமெரிக்க தேசத்திலே ஒரு தந்தையும் மகளும் ஒரு பந்தாட்டத்தின்மீது கொண்டிருந்த பற்றினைப் பற்றியே பேசப் புகுகின்றேன். ஆட்டத்திற்கும் கல்விக்கும் யாது சம்பந்தம் என வினவுவீராயின், சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

அவ்வாட்டத்தின் பெயர் பேஸ்பால். நாம் அறிந்த கிரிக்கெட்டைப் போலப் பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது; பக்கத்திற்கு ஒன்பதின்மர்; ஒன்பது இன்னிங்ஸ். நியூயார்க் நகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்றொரு குழு இருந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்தாண்டுகளிலும் அது 'வேர்ல்டு சீரிஸ்' என்னும் இறுதிப் பந்தயம் வரை சென்று, ஐந்து முறையும் அதே நகரத்து யாங்கீஸ் குழுவிடமே தோற்றது. "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பதே அக்குழுவின் அபிமானிகளுக்கு ஆறுதல் மொழியாயிற்று.

அந்த அபிமானிகளுள் ஒருவர் 1943-இல் பிறந்த டோரிஸ் கேர்ன்ஸ் என்னும் அம்மையார். அவர் வளர்ந்தது லாங் ஐலண்டிலுள்ள ராக்வில் சென்டர் என்னும் ஊரில். தந்தையார் பாங்கிகளைப் பரிசோதிக்கும் உத்தியோகஸ்தர். தாயார் இருதய நோயால் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தவர். மகளுக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டியவர். மகளுக்கு ஆறு வயதானபோது தந்தையார் ஒரு சிவப்பு நிறக் குறிப்புப் புத்தகத்தை அளித்து, ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் குறிகளால் பதிவு செய்யும் முறையைக் கற்பித்தார்.

பகலில் தந்தையார் வேலையிலிருக்க, சிறுமி வானொலியைக் கேட்டுக் குறிப்பெடுப்பாள். மாலையில் அவர் வீடு திரும்பியதும் அக்குறிகளைக் கொண்டு ஆட்டம் முழுவதையும் விவரிப்பாள். ஆரம்பத்தில் "நம்மவர் வென்றனர்!" என்று முடிவை முன்னதாகவே கூறிவிடுவாளாம். ஒரு கதையைத் தொடக்கத்திலிருந்து முறையாகக் கூறினாலன்றிக் கேட்போர் உள்ளம் நில்லாது என்பதை நாளடைவில் அறிந்துகொண்டாள். ஆட்டத்தின் விவரமெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வெளிவரும் என்பதைத் தந்தையார் அவளிடம் தெரிவிக்கவேயில்லை. தான் கூறாவிடில் தந்தைக்கு ஒன்றுமே தெரியாது என்று அக்குழந்தை நம்பியிருந்தது!

அக்காலத்தில் அவள் மிகவும் நேசித்த வீரர் ஜாக்கி ராபின்சன். பெரிய சங்கங்களின் ஆட்டங்களில் கறுப்பர் இனத்தவரைச் சேர்க்காத நெடுநாளைய வழக்கத்தை 1947 ஏப்ரல் 15-இல் தகர்த்தவர் அவரே. அச்சிறுமியின் புத்தகத்தில் ஓட்டத்திற்குக் குறி உண்டு. பிழைக்குக் குறி உண்டு. நிறத்திற்கென்று ஒரு குறியும் இல்லை. நம் போன்ற குலச்சங்கத்தார் இதனைச் சிந்திப்பது நலம்.

1955 அக்டோபர் 4-ஆம் நாள், யாங்கீஸ் குழுவை 2-0 என்ற கணக்கில் வென்று டாட்ஜர்ஸ் முதன்முறையாக வேர்ல்டு சீரிஸ் பட்டம் எய்திற்று. ஆயின் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்ததும் அக்குழு லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. டோரிஸ் தம் பதினைந்தாம் வயதில் தாயை இழந்தார். புரூக்ளினில் அவர்கள் அமர்ந்து கண்டுகளித்த எபெட்ஸ் ஃபீல்டு மைதானமும் 1960-இல் இடிக்கப்பட்டது.

எஞ்சியது யாது? கதை கூறும் பழக்கம் எஞ்சிற்று. டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் என்னும் பெயரால் அவர் புகழ்பெற்ற சரித்திர ஆசிரியரானார். 1995-இல் புலிட்சர் பரிசு பெற்றார். 'வெயிட் டில் நெக்ஸ்ட் இயர்' என்று 1997-இல் தம் இளமை நினைவுகளை நூலாக வெளியிட்டார். தம் புதல்வர்களைப் பாஸ்டன் நகர மைதானத்திற்கு அழைத்துச் சென்று அதே பற்றினை ஊட்டினார்.

அன்பர்களே! அத்தந்தையார் மகளுக்கு அளித்த செல்வம் யாது? ஒரு குறிப்புப் புத்தகமும் கேட்கும் செவியுமே. நாமோ வீடு திரும்பியதும் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டு நகர்ந்துவிடுகின்றோம். அடியேனும் அத்தவறு செய்தவனே. என் மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஓடிவந்த நாட்களில் கைத்தொலைபேசியை நோக்கியவாறு "பிறகு சொல்லம்மா" என்றேன். இன்று அவள் தானாக ஒன்றும் சொல்வதில்லை.

ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் மக்களை அருகழைத்து, அன்றைய கதையை ஆதியோடந்தமாகக் கேட்பீர்களாக. முன்னரே அறிந்த செய்தியாயினும் அறியாதார் போலக் கேளுங்கள். பந்து என்பது விளையாடும் பொருளுக்கும் உறவினருக்கும் ஒரே சொல்லாய் அமைந்தது நம் பாக்கியமே.