வேப்பஞ்சேலையை யார் கட்டுவது?

(நம் சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆடி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பெரியபாளையத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆனால் நான் நெரிசலைப் பற்றிப் பேச வரவில்லை. அதைத்தான் எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோமே! நம் வீடுகளுக்குள் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, "தாயே பவானி, இவள் பிழைத்தால் வேப்பஞ்சேலை கட்டி உன் கோயிலைச் சுற்ற வைக்கிறேன்" என்று தாயோ பாட்டியோ நேர்ந்துகொள்கிறார். இருபது வருடம் கழித்து அது நினைவுக்கு வருகிறது. வரன் தள்ளிப்போனால் இன்னும் நன்றாக வருகிறது! அந்தப் பெண் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். ஈரத்துணியோடு தழையைச் சுற்றிக்கொண்டு, இத்தனை செல்போன்களுக்கு நடுவே வலம் வர அவளுக்கு மனமில்லை. வீட்டில் "சாமி குத்தம்" என்கிறார்கள்.

பெரியம்மை வீடு வீடாகப் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் வேப்பிலையும் அம்மனும்தான் நம் முன்னோருக்குக் கதி. அந்த நோய் இந்தியாவில் 1975ஓடு நின்றது. உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனது, நேர்த்திக்கடன் போகவில்லை. இன்று வேலைக்கும் விசாவுக்கும் நேர்ந்துகொள்கிறோம். நாம் கேட்பது மாறியதற்காக அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

2003இல் ஒரு பழைய 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கோயில்களில் ஆடு, கோழி பலியிட அரசு தடை போட்டது. எவ்வளவு எதிர்ப்பு! 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். 'செய்யாதே' என்ற உத்தரவுக்கு நாம் கட்டுப்படவில்லை. வீட்டில் 'செய்' என்று உத்தரவு போட்டால் பிள்ளைகள் மட்டும் கட்டுப்படுவார்களா?

மகனுக்கு வேலை கிடைத்தால் தாய் மொட்டை போட்டுக்கொள்வது நம் வழக்கத்தில் உள்ளதுதானே? அதைப்போல, வாக்குக் கொடுத்தவரே வேப்பஞ்சேலையும் கட்டலாம். அப்பாக்களும் கட்டலாம், ஆண்கள் தழை கட்டி வலம் வருவதை நம் கோயிலில் பார்க்காதவர் யார்?

பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். விடிவதற்குள் போய்விடும் என்று நினைத்த குழந்தை கண் திறந்ததை அவர் பார்த்திருக்கிறார். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். கேட்ட பிறகும் கட்ட மனமில்லை என்றால், தழையைக் கட்டிவிட அம்மாவுடன் துணைக்குப் போங்கள்.

ஞாயிறுதான் போக வேண்டும் என்பதில்லை. திருவிழா ஆடியோடு முடியாமல் இன்னும் பல வாரம் நீளும். ஷிப்ட் இல்லாத ஒரு வார நாளில், கூட்டம் குறைவாக இருக்கும்போது போய் வரலாம்.