கடலடிச் செய்தியின் மெய்ம்மை

கொச்சியில் தேவராவையும் வெல்லிங்டன் தீவையும் பிரிக்கும் காயலில், வானொலி அலைகள் நீருக்குள் நெடுந்தூரம் செல்லா. உப்பு நீர் அவற்றை விழுங்கிவிடும். ஆகவே நீரடியில் வைக்கப்படும் உணர்கருவிகள் செய்தி அனுப்ப ஒலியையே நம்பியுள்ளன. இத்துறை கொச்சிக்குப் புதிதன்று. கடற்படையின் ஆய்வகம் 1952ஆம் ஆண்டிலேயே இங்குத் தோன்றியது. ஆனால் ஒலியை எவரும் கேட்கலாம், எவரும் எழுப்பலாம். வந்த செய்தி உரிய கருவியிலிருந்துதான் வந்ததா என்று அறிவது எவ்வாறு?

இவ்வினாவின் கனத்தை ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு உணர்த்தும். 2004 டிசம்பர் பேரழிவுக்குப் பின், 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஆழ்கடல் தரையிலுள்ள அழுத்தமானி நீர்மட்ட மாறுதலை ஒலியால் மேலுள்ள மிதவைக்கு அறிவிக்க, மிதவை அதனைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. இவ்வழியில் பொய்ச் செய்தி நுழைந்தால் கடற்கரை ஊர்கள் வீணே காலியாகக்கூடும்; அடுத்த முறை மெய்ச் செய்தியையும் மக்கள் நம்பார்.

தரையில் கையாளும் காப்பு முறைகள் கடலுக்கு அப்படியே பொருந்தா. கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர். 3 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள கருவியை ஒருமுறை வினவி விடைபெற 4 வினாடி ஆகும். பன்முறை வினவினால் மின்கலம் தேயும். அதை மாற்றக் கப்பல் செல்ல வேண்டும். செய்தியின் அளவும் சிறிது. 2017இல் நேட்டோ ஏற்ற 'ஜானஸ்' முறையில் அடிப்படைச் செய்தி 64 பிட் மட்டுமே. அதிலுள்ள பிழைச் சோதனை தற்செயல் தவறுகளைக் காட்டும், மோசடியைக் காட்டாது. கணிப்பொறிகளில் வழங்கும் எண்முறைக் கையொப்பமோ பல வேளைகளில் 512 பிட். கடிதத்தைவிடக் கையொப்பம் எட்டு மடங்கு பெரிதானால் என் செய்வது!

ஏற்ற வழி, இரு முனைகளுக்கு மட்டுமே தெரிந்த இரகசிய எண்ணால் செய்தியிலிருந்து கணிக்கப்படும் குறுகிய முத்திரை. 32 பிட் முத்திரையை ஊகித்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. அதிவேக இணைப்புகளில் இது போதாது. இடைவிடாது முயன்று பார்க்கலாம். நீரிலோ ஒலித்தடத்தின் மந்தமே காவலாகிறது. பழைய செய்தியைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிக்கும் ஏமாற்றைத் தடுக்க, வரிசை எண்ணும் சேர்க்கப்பட வேண்டும். பேரிரைச்சலால் செய்தியை அமுக்குவதை மட்டும் எந்த முத்திரையும் தடுக்காது.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இரகசிய எண்ணைத் தருவது எளிது. ஆனால் தேவராக் காயல் போன்ற ஆழமற்ற நீரில் மீன்வலை ஒன்றே ஒரு கருவியை மேலே இழுத்துவிடக்கூடும். அதன் எண் வெளிப்பட்டால் அனைத்தும் வெளிப்பட்டதாகும். எனவே கருவிக்கொரு தனி எண் வழங்கி, காணாமற்போன கருவியின் எண்ணைக் கரை நிலையம் அன்றே நீக்கிவிட வேண்டும்.