கடலோர வீட்டுக்குச் சோலர் பூட்டலாமா?

(சபையின் ஆண்டு விழா ஐக்கியக் கூடுகையில் வழங்கிய உரை)



வேதத்தை விளக்க எங்கள் போதகர் இருக்கிறார். என்னைப் பேசச் சொன்னது வேறொரு விஷயம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னிடம் வருவார். முதலில் ஊரிலிருக்கும் அம்மாவின் சீனி வருத்தம், அப்பாவின் முட்டு, இன்சுலின், ஒக்சிசன் இயந்திரம் பற்றிக் கேட்பார். பிறகு கரண்ட் நிற்பதைப் பற்றிச் சொல்வார். கடைசியில், "சிஸ்டர், வீட்டுக்குச் சோலர் பூட்டிக் கொடுத்தால் என்ன?" என்பார். பருத்தித்துறை, குருநகர், ஊர்காவற்றுறை, மன்னார், முல்லைத்தீவு என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருடைய வீடு கடலுக்குக் கிட்டத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இன்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் இருக்கும் இந்த ஊரைப் பாருங்கள். கெல்சென்கிர்ச்சனுக்கு "ஆயிரம் நெருப்புகளின் நகரம்" என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவ்வளவு நிலக்கரிச் சுரங்கங்கள், அவ்வளவு உருக்காலைகள். பிள்ளைகளே, அதே ஊர்தான் பிறகு சூரிய நகரம் என்று பெயர் எடுக்க முயன்றது. பழைய உருக்காலை நின்ற இடத்தில் கட்டிய விஸ்ஸன்ஷாஃப்ட்ஸ்பார்க்கின் கூரையில் 1996ஆம் ஆண்டே 210 கிலோவாட் சோலர் ஏறிவிட்டது. பிஸ்மார்க் பக்கம் 72 வீடுகளோடு ஒரு சூரியக் குடியிருப்பு எழுந்தது. 1999இல் ஷெல் நிறுவனம் இங்கே சோலர் செல் தொழிற்சாலை திறந்தது. இந்த மப்பு வானத்தின் கீழ் ஒரு கிலோவாட் பலகை வருடத்துக்குச் சுமார் 900 யூனிற் தரும். அதே பலகை யாழ்ப்பாணத்தில் 1400 யூனிற்றுக்கு மேல் தரும். ஆகவே வெயில் காணுமா என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை. இங்கே 900 யூனிற்றுக்கே சரிவருகிறதென்றால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் போகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். நீங்களும் காசு அனுப்புவதற்கு முன் உட்கார்ந்து, இந்தச் சோலர் எதற்காக என்று முடிவு செய்யுங்கள். கரண்ட் பில்லைக் குறைக்கவா? கரண்ட் நின்றாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கவா? இவை ஒரே சாமானால் நடக்கும் இரண்டு நன்மைகள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஞாயிற்றுக்கிழமை. முற்பகல், ஊரில் எல்லாத் தேவாலயங்களிலும் ஆராதனை நடக்கும் நேரம். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று சொன்னார்கள், இலங்கை முழுவதும் கரண்ட் போனது. நல்ல வெயில். கூரை நிறையச் சோலர் பூட்டியிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றிலும் அதே நேரத்தில் ஃபான் நின்றது!

ஏன்? பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். வீதிக் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் மின்சார சபை ஊழியர் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரம் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கரண்ட் கம்பிக்குப் போனால் அவருடைய உயிர் போய்விடும். அதனால் வீதிக் கரண்ட் நின்றவுடன் தானாகவே நின்றுவிடும்படி இன்வேர்ட்டரைச் செய்திருக்கிறார்கள். அது பழுது அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். மின்தடையிலும் வீடு ஓட வேண்டுமானால் பற்றரியும், வீட்டை வீதிக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டு ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும். விலை கூட. மலிவான விலை சொல்கிறவர் பெரும்பாலும் இது இல்லாததைத்தான் சொல்கிறார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் பயந்துபோய் இங்கிருந்து காசு அனுப்பியவர்களில் சிலர், பற்றரி இல்லாத சோலரைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பில்லைக் குறைக்கத்தான் என்றால், அம்மாவின் பில்லை முதலில் பாருங்கள். இலங்கையில் யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும். தனியாக இருக்கும் வயதானவர் மாதம் 50, 60 யூனிற் பாவித்தால் அவருக்குக் குறைந்த விலைதான். அந்த வீட்டில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஏசி ஓடுகிற வீடு, தோட்டத்துக்கு மோட்டர் ஓடுகிற வீடு என்றால் கதை வேறு.

கரண்டை விற்று வருமானம் எடுக்கலாம் என்றும் சொல்வார்கள். 2016இல் அரசாங்கம் "சூரிய பல சங்கிராமய" என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, மேலதிக கரண்டுக்கு முதல் 7 வருடம் யூனிற்றுக்கு 22 ரூபாவும் பிறகு 15 ரூபா 50 சதமும் என்று 20 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன் பின் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விலை பல தடவை மாறிவிட்டது. 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்து கரண்ட் எடுக்க ஆளில்லாததால், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே யாரோ ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன கணக்கை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஒப்பந்தம் எழுதும் நாளில் என்ன விலை என்று அந்தப் பகுதி மின்சார அலுவலகத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் அது இன்னும் காலமான அப்பாவின் பெயரில்தான்.

இனிக் கடல். உப்புக்காற்று பலகையைத் தின்றுவிடும் என்பது பாதி உண்மை. மேலே கண்ணாடி, சுற்றிவர அலுமினியம், அவை தாங்கும். உப்பு மூட்டத்தில் வைத்துச் சோதிக்கும் ஐஇசி 61701 என்ற தரச் சோதனையில் தேறிய பலகையா என்று கேட்டு, அந்தத் தாளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். முதலில் உக்குவது பலகை அல்ல, அதைத் தாங்கும் சட்டமும் ஆணியும் நட்டும். பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஓர் இரும்பாணியும் ஒரு செம்புக் கம்பியும் குத்திப் பற்றரி செய்திருப்பீர்கள், இல்லையா பிள்ளைகளே? இரண்டு உலோகமும் நடுவில் ஈரமும் இருந்தால் ஒன்று மற்றதைக் கரைக்கும். கடலோரக் கூரையில் அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு நட்டைப் போட்டு முறுக்கினால் அதே பரிசோதனை உங்கள் செலவில் வருடக்கணக்காக நடக்கும். 316 என்ற இலக்கமுள்ள துருப்பிடிக்காத உருக்கு நட்டுகள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை. இன்வேர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் பூட்ட விடாதீர்கள். வீட்டுக்குள், காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். பல்லியும் எறும்பும் உள்ளே போகாமல் கம்பித் துளைகளை அடைக்கவும் வேண்டும்.

உப்பும் புழுதியும் காக எச்சமும் கண்ணாடியில் படியும். வாடைக்கால மழை கழுவிவிடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் தை மாதம் கழிந்தால் புரட்டாசி வரை பெரிய மழை இல்லை. சோளகம் வேறு புழுதியை வாரி அடிக்கும். அந்த மாதங்களில்தான் வெயிலும் கூட. எனவே கழுவத்தான் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். மத்தியான வெயிலில் ஊற்றினால் வெள்ளைப் படலமாகக் காய்ந்துவிடும். விடியற்காலையில் கழுவி, மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

யார் துடைப்பது? என்னுடைய வேலையில் நான் பார்ப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர் முன்பு போல் நடப்பது அரிது. அப்பா ஏணி வைத்து ஏறுவார். ஏற மாட்டேன் என்று உங்களுக்கு ஃபோனில் சொல்வார், ஃபோனை வைத்துவிட்டு ஏறுவார். நிலத்தில் நின்றே நீண்ட தடியால் துடைக்கக்கூடிய உயரத்தில் பூட்ட முடியுமா, இல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை வந்து கழுவ நம்பிக்கையான ஆள் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நான் பூட்டச் சொல்ல மாட்டேன்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. அதைத் துளைக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். ஜேர்மனியில் 1993இலேயே அஸ்பெஸ்டஸைத் தடை செய்துவிட்டார்கள். ஊரில் முகக்கவசம்கூட இல்லாமல் துளை போடுகிறார்கள். அந்தக் கூரையைத் தொடாமல், முற்றத்தில் இரும்புக் குழாய்க் கால்களில் பந்தல் மாதிரி அடித்துப் பூட்டுவது நல்லது. புயல் காற்றுக்கும் அத்திவாரம் ஆழமாக இருக்க வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். காற்றுக்கு என்ன பலம் என்று அவர்களைக் கேளுங்கள்.

தென்னை நிழலைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு பலகையின் மூலையில் ஓலை நிழல் விழுந்தால் அதோடு வரிசையாகக் கோத்த மற்றப் பலகைகளும் சோர்ந்துவிடும். அதற்காகக் காய்க்கிற தென்னையைத் தறிக்காதீர்கள், நிழலில்லாத இடத்தில் குறைவாகப் பூட்டுங்கள். எங்கள் ஊரில் பலகைக்குப் பத்துப் பாகைச் சாய்வு, தெற்குப் பார்த்தபடி இருந்தால் போதும். இங்கே கூரைகளில் பார்க்கும் செங்குத்துச் சாய்வு தேவையில்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் ஜெனரேட்டரில் ஓடும் அந்த மூன்று தீவுகளுக்கும் சூரியன், காற்று, பற்றரி சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தார்கள். அது எந்த அளவில் இருக்கிறது என்று ஊரில் விசாரித்துவிட்டு உங்கள் காசை எடுங்கள்.

சரி, அம்மாவுக்காகப் பூட்டுவதென்றால் எவ்வளவு? இரண்டு ஃபான் பத்து மணித்தியாலம், நாலு எல்இடி பல்ப், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஃபோன். நாளுக்கு மூன்று யூனிற் அளவில் முடிந்துவிடும். ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு நாலு யூனிற்றுக்குக் கிட்டத் தரும், மாரியில் அதைவிடக் குறையும். ஆகவே இரண்டு கிலோவாட் பலகையும் ஐந்து யூனிற் பற்றரியும் போதும். பத்து கிலோவாட் என்று விற்க வருகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.

இன்சுலினுக்காக மட்டும் என்றால் சோலரே வேண்டாம். பாவனையில் இருக்கும் இன்சுலின் பொதுவாக 30 பாகைக்குக் குறைவான இடத்தில் நாலு கிழமை தாங்கும். ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து, நனையாமல் உறையில் கட்டி, நிழலில் வைத்தால் நல்ல குளிர்ச்சி. திறக்காத மருந்துதான் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலத் தடையை அது சமாளிக்கும்.

ஒக்சிசன் இயந்திரம் இருக்கும் வீடு இதிலிருந்து வேறு. ஐந்து லீற்றர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும், நாள் முழுதும் ஓடினால் எட்டு யூனிற்றுக்கு மேல். அந்த ஐந்து யூனிற் பற்றரி வேறொன்றையும் ஓட்டாமல் இதை மட்டும் ஓட்டினாலும் 12 மணித்தியாலம் தாண்டுவது கஷ்டம். தொடர்ந்து மூன்று நாள் மழை மூட்டம் என்றால் எந்தப் பலகையும் கைகொடுக்காது. அப்படியான வீட்டில் எவ்வளவு பெரிய சோலர் பூட்டினாலும் ஒரு ஒக்சிசன் சிலிண்டர் நிரப்பியபடி கட்டிலுக்குக் கிட்ட நிற்கட்டும், விளக்கும் மெழுகுதிரியும் அந்த அறைக்குள் வேண்டாம். சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது, இரவில் அதைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்று இன்றைக்கே ஃபோன் எடுத்துக் கேளுங்கள்.