மூன்று மல்லர்களும் ஒரு கடைக்குட்டியும்



பிள்ளைகள் உயரக் காரணம் பெற்றோரின் அக்கறைதான்னு எதிரணி அம்மா உருகிப் பேசிட்டுப் போனாங்க. இல்லை, பிள்ளைகளின் துணிச்சல்தான் என்பது எங்கள் கட்சி. சாட்சி உங்க ஊரிலேயே இருக்கு. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்று மண்டபத்துக்கு வாங்க. சுவர் முழுக்கச் சிற்பம். சீன தேசத்தில் அரசர் வரலாற்றை எழுதத் தனி அதிகாரிகளே இருந்தார்கள். நம்ம பல்லவன் சுவரிலேயே செதுக்கி, கீழே விளக்கமும் வெட்டி வச்சுட்டான்! (கைதட்டல்)

கி.பி. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தான். அரியணைக்கு ஆள் இல்லை. அமைச்சர்களோடு கடிகையாரும், கடிகைன்னா அன்றைய கல்லூரிங்க, எங்க வாத்தியார் கூட்டம் அங்கேயும் போயிருக்கு (சிரிப்பு), சிம்மவிஷ்ணுவின் தம்பி வழிவந்த இரணியவர்மனிடம் போய் அரசன் ஒருவனைக் கேட்டார்கள். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஸ்ரீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன். பேரைப் பாருங்க, எல்லாம் மல்லன்! மூணு பேரும் மாட்டேன்னுட்டாங்க. (பலத்த சிரிப்பு) கடைக்குட்டி பல்லவமல்லன் கும்பிட்டு நின்று, நான் போகிறேன் என்றான். வயது 12.

அப்பா கலங்கினார். அனுப்ப மனசு வரலே. நான் குறை சொல்லலீங்க. மகளை வெளியூர் ஹாஸ்டலில் விட்டுட்டு, பஸ்ஸில் அழுதுகிட்டே வந்தவன் நான். ஆனா அந்த அக்கறையே ஜெயிச்சிருந்தா பையன் வீட்டோட இருந்திருப்பான். தரணிகொண்டபோசர் எடுத்துச் சொன்ன பிறகே தந்தை இசைந்தார். மலையும் ஆறும் காடும் தாண்டி வந்தவனைப் படையோடு எதிர்கொண்டு, யானைமேல் ஏற்றி, நந்திவர்மன் என்று முடிசூட்டினார்கள்.

அப்புறம் சுகமா இருந்தானா? சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் வந்து இந்தக் காஞ்சியையே பிடித்தான். கைலாசநாதர் கோயில் செல்வத்தை எடுத்துக்காம கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான், அது வேற பெருந்தன்மை. அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்னிக்கும் அங்கே தூணில் இருக்கு. இன்னொரு சமயம் நந்திபுரத்தில் பகைவர் முற்றுகை; தளபதி உதயசந்திரன் வந்து மீட்டான். ஊரை இழந்தான், முற்றுகையில் மாட்டினான், 'எங்கப்பா வீட்டுக்குப் போறேன்'னு மூட்டை கட்டலே. ஆண்டது 65 ஆண்டு! திருமங்கையாழ்வார் பாடிய அந்தக் கோயிலே அவன் கட்டியதுதான்.

அண்ணன்மார் மூவர் பேரும் அதே சுவரில் இருக்கு நடுவர் அவர்களே. எதுக்காக? மாட்டேன்னு சொன்னதுக்காக! (கைதட்டல்) தீர்ப்பு உங்க கையில்.