வரைபடத்தில் விடுபட்ட தெரு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த 25 ஆண்டுகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியை எனக்கு முன் பேசியவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆகவே நான் செய்த ஒரு தவறைப் பற்றியும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றியும் பேச அனுமதி வேண்டுகிறேன்.

மாலை நேரப் படிப்பு மையங்களை எந்தெந்தக் குடியிருப்புகளில் திறப்பது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைக் கழகம் எனக்கும் மூன்று ஆசிரியர்களுக்கும் அளித்தது. பெரியபட்டினம் தொடங்கிச் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளுக்கு நம் மாணவர்களே நேரில் சென்று விவரம் திரட்டினார்கள். அவ்விவரங்களைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கினோம். அதற்குப் பயன்பட்டது கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள். 2002-ஆம் ஆண்டு காரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். பணமில்லாத சங்கங்களுக்கு இது பெரும் வாய்ப்பு.

கணினி வரைபடம் சுவரில் தொங்கும் படத்தைப் போன்றதன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல் சாலை ஓர் அடுக்கு, கண்மாய் ஓர் அடுக்கு, குடியிருப்பு ஓர் அடுக்கு. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் நம் வருகைப் பதிவேட்டைப் போன்ற ஒரு பட்டியல் இருக்கிறது. குடியிருப்பின் பெயர், மக்கள் தொகை, பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை, உயர்நிலைப் பள்ளிக்குள்ள தொலைவு என்று பத்தி பத்தியாக அதில் எழுதப்பட்டிருக்கும். அடுக்கின் பெயரை வலப்பக்கப் பொத்தானால் அழுத்தி 'வடிகட்டு' என்னும் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'தொலைவு 5-க்கு மேல்' என்ற நிபந்தனையை எழுதினால், அதற்குப் பொருந்தும் புள்ளிகள் மட்டுமே திரையில் நிற்கும். மற்றவை மறையுமேயன்றி அழிவதில்லை. நிபந்தனையை நீக்கினால் அவை மீண்டும் தோன்றும்.

நம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வலைக்கண்ணின் அளவே எந்த மீன் அகப்படும், எந்த மீன் தப்பும் என்பதை முடிவு செய்கிறது.

நாங்களும் அவ்வாறே வடிகட்டி, கிடைத்த குடியிருப்புகளைப் படமாக்கிக் கூட்டத்தில் காட்டினோம். அப்போது ஒரு தாய் எழுந்து, "சார், எங்க தெருவுக்கு மட்டும் புள்ளி இல்லையே, நாங்க இந்த ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். நான் திகைத்தேன். அத்தெருவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை சீமைக் கருவேலங்காட்டின் வழியாகச் செல்கிறது. மழைக்காலத்தில் ஓடையில் நீர் வந்தால் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எந்த வழியை அளப்பது என்று தெரியாமல் நம் மாணவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையான கட்டம் 'ஐந்துக்கு மேல்' என்றாலும் வராது, 'ஐந்தும் அதற்குக் கீழும்' என்றாலும் வராது. இரண்டு படங்களிலும் அத்தெரு இல்லை. எந்தப் பிள்ளைகளுக்குப் பாதையே இல்லையோ, அந்தப் பிள்ளைகளே விடுபட்டுப் போனார்கள். தவறு கணினியுடையதன்று, கட்டத்தைச் சரிபாராத என்னுடையது.

அன்றுமுதல், வெறுமையான கட்டங்கள் எவை என்று முதலில் தேடிப் பார்த்த பின்னரே வேறு எந்த நிபந்தனையையும் எழுதுகிறோம். மற்றொன்றும் கற்றோம். 'பிள்ளைகள் 40-க்கு மேல் அல்லது பெண் பிள்ளைகள் 15-க்கு மேல், மற்றும் தொலைவு 5-க்கு மேல்' என்று அடைப்புக்குறியின்றி எழுதினால், கணினி 'மற்றும்' என்பதையே முதலில் சேர்த்துப் படிக்கும். விளைவாக, 40-க்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடியிருப்பு பள்ளிக்கு எதிரிலேயே இருந்தாலும் பட்டியலில் ஏறிவிடும். முதலிரண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டால்தான் நாம் எண்ணிய பொருள் வரும்.

பெரியோர்களே, இது கணினி அறைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று. அரசுத் திட்டங்களும் இவ்வாறே வடிகட்டப்படுகின்றன. 2009-10-இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி ஆதர்ஷ் கிராம யோஜனா, பட்டியல் சாதியினர் பாதிக்கு மேற்பட்டு வாழும் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. முதற்கட்டமாக ஐந்து மாநிலங்களில் 1000 கிராமங்கள். அவற்றுள் தமிழ்நாட்டில் 225. நோக்கம் நல்லதே. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 பேர் உள்ள சிற்றூரில் நம்மவர் 310 பேர் என்றால் அவ்வூர் வலைக்குள் வரும். 6000 பேர் உள்ள பேரூரில் நம்மவர் 1200 பேர் என்றால் அது 20 விழுக்காடுதான், அவ்வூர் வராது. ஏறத்தாழ நான்கு மடங்கு மக்கள் வெளியே நிற்பார்கள். பல சமூகத்தாரும் சேர்ந்து வாழும் பெரியபட்டினம் போன்ற பெரிய ஊர்களுக்கு விழுக்காடு ஒன்றே அளவுகோலானால் நேர்வது இதுதான்.

பத்தியின் தலைப்பே வடிகட்டியாகிவிடுவதும் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஆணையும், 1956, 1990-ஆம் ஆண்டுகளின் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினர் என ஏற்கின்றன. ஆகவே கிறித்தவராகிய நம் உறவினர், அதே தெருவில், அதே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், மக்கள் தொகைக் கணக்கின் அந்தப் பத்தியில் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதவரை எந்த நிபந்தனை எழுதியும் திரையில் கொண்டுவர இயலாது. தெருத்தெருவாக நடந்து நாமே எடுக்கும் கணக்கு ஒன்றே அதற்கு வழி.

1980-களில் இவ்வூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தபோது சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பயனற்றவை என்று எவரோ எறிந்த உடைசல்களே இவ்வூரின் பழம்பெருமைக்குச் சான்றாயின. ஒதுக்கப்பட்டதையும் குனிந்து எடுத்துப் பார்ப்பவனுக்கே முழு வரலாறு கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, 2021-இல் நடைபெறவேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாமல் தள்ளிப்போயிற்று. பழைய கணக்கை நம்பி நாம் வாளாவிருத்தல் ஆகாது. உங்கள் தெருவின் கட்டங்களை நீங்களே நிரப்புங்கள். யாரேனும் ஒரு படத்தைக் காட்டி இதுதான் ஊர் என்றால், "எந்த நிபந்தனையால் வடிகட்டினீர்கள்? விடுபட்டவர் எவர்?" என்று அஞ்சாமல் கேளுங்கள். அன்று அந்தத் தாய் கேட்டதனால்தான் இன்று அத்தெருவில் ஒரு படிப்பு மையம் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே விளக்கு எரிகிறது.